கற்பூரம் அணைத்த கை

1

என் வலது உள்ளங்கையில் தழும்பு எதுவும் இல்லை. இருந்திருக்க வேண்டும். பதினேழு வருஷங்களுக்கு முன், மயிலாப்பூரில் ஒரு பஜனை மடத்துக் கூடத்தில், சந்நிதிக்கு எதிரே எரிந்த கற்பூரத்தை இந்தக் கையால் அடித்து அணைத்து நான் பொய்ச் சத்தியம் செய்தேன். விசாலம் என்ற பெண் சொன்னது உண்மை என்று தெரிந்திருந்தும், அது பொய் என்று நாற்பது ஐம்பது பேர் கேட்கச் சொன்னேன். கை சுடாமலிருக்க முன்கூட்டியே உள்ளங்கையில் ஈரச் சந்தனத்தைக் கெட்டியாகப் பூசிக்கொண்டிருந்தேன். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பினாங்கில் குடியேறிப் பதினைந்து வருஷமாகிறது. இங்கிருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் மழையைப் பற்றியும் மலாய்க்காரர்களின் மரியாதையைப் பற்றியும் எழுதுவது வழக்கம். நானும் இதே பத்திரிகையில் அப்படி இரண்டு முறை எழுதியிருக்கிறேன். அவற்றைப் படித்துப் பாராட்டியவர்கள் இதையும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மடத்தின் பெயரையும் அதை நடத்தும் சுவாமியின் பெயரையும் எழுதவில்லை. எழுதினால் ஆசிரியர் அச்சிட முடியாது. மயிலாப்பூரில் இருப்பவர்களுக்கு எந்தத் தெரு என்று தெரியும். தெரியாதவர்போல் இருந்தவர்களுக்கும் தெரியும்.

2

இங்கே கோர்ட்டில் எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை. தமிழ்ச் சாட்சி கூண்டில் ஏறினால் முதலில் வாய் திறப்பவன் நான். "நான் சொல்வது சத்தியம், சத்தியத்தைத் தவிர வேறில்லை" என்று சொல்லிக்கொடுப்பேன். சாட்சி திருப்பிச் சொல்வார். ஒரு நாளில் பத்துப் பேருக்காவது சத்தியம் செய்து வைப்பேன். என் மைத்துனன் வாங்கிக்கொடுத்த வேலை இது. நான் யார் என்று தெரிந்து யாரும் கொடுத்ததல்ல.

ஆரம்பத்தில் ரப்பர்த் தோட்டத்து ஜனங்களின் தமிழ் எனக்குப் புரியவில்லை. லயம் என்றால் அவர்களுக்கு வரிசை வீடு; எனக்குச் சங்கீதம். என் தமிழ் அவர்களுக்குப் புரியவில்லை. நான் 'பிராது' என்றால் விழிப்பார்கள். பிறகு பழகிவிட்டது. கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் இங்கிலீஷில் சொல்வேன் என்று எனக்குப் பெயர் உண்டு. துரைகள் அதற்காக என்னை மதித்தார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் பேச்சி என்று ஒரு பெண் கூண்டில் ஏறினாள். ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிற வேலை. தோட்டத்துக் கோவில் பூசாரி, நேர்த்திக்கடன் முடிக்க வந்த தன்னைக் கோவில் சாமான் அறையில் வைத்துக் கதவை அடைத்தான் என்று பிராது. நான் வழக்கம்போல் சத்தியத்தைச் சொல்லிக்கொடுத்தேன். அவள் திருப்பிச் சொல்லவில்லை.

"வாய்ச் சத்தியம் வேணாங்க. கற்பூரம் கொண்டாரச் சொல்லுங்க. கையால அணைச்சுப்புட்டுச் சொல்றேன்" என்றாள்.

ஜட்ஜ் துரை என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறாள் என்று கேட்டார். இரண்டாம் தடவை கேட்டார். அந்தக் கோர்ட்டில் என்னிடம் ஒருவர் இரண்டாம் தடவை கேட்டது அதுதான் முதல். ஒருவாறு சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அதெல்லாம் தேவையில்லை என்றார்.

வேறு சாட்சி இல்லை என்று அடுத்த வாய்தாவிலேயே வழக்கு தள்ளுபடியாயிற்று. பேச்சி வராந்தாவில் எனக்காகக் காத்திருந்தாள். தான் சொன்னதை அப்படியே சொன்னேனா என்று கேட்டாள். அப்படியேதான் சொன்னேன் என்றேன்.

"அப்ப ஏங்கய்யா நம்பல?"

அன்று வீட்டுக்கு வந்ததும், சேர்ந்திருந்த லீவு முழுவதையும் கேட்டு விண்ணப்பம் எழுதினேன். லீவு கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று.

3

அது கடற்கரையில் ஒத்துழையாமைக் கூட்டங்கள் நடந்துகொண்டிருந்த காலம். நான் பி.ஏ. படித்துவிட்டு மயிலாப்பூரில் ஒரு பெரிய வக்கீலிடம் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தேன். மடத்துக்குக் கௌரவக் காரியதரிசி. குடியிருந்ததும் மடத்துக்குச் சொந்தமான வீடு. ஏகாதசிதோறும் பஜனை, வருஷத்துக்கு ஒரு உற்சவம், ஊர் கூடிச் சாப்பிடும் சமாராதனை. மடத்துக்குள்ளேயே ஆதரவற்ற பிராமண விதவைகளுக்கு இடமும் சாப்பாடும் கொடுத்தோம். வாசலில் அப்படிப் பலகை மாட்டியிருந்தது. தலை மழித்துக்கொள்ள வேண்டும், ஒரு வேளைச் சாப்பாடு, மடத்து வேலைகளைச் செய்ய வேண்டும். பத்துப் பதினொரு பேர் இருந்தார்கள். அநேகம் பேருக்குத் திரும்பிப் போக வீடு கிடையாது. அதுதான் தகுதி.

கூடத்துச் சுவரில் இன்னொரு பலகை இருந்தது. கரும்பலகை. திங்கட்கிழமைதோறும் நான் அதில் அந்த வாரத்து முறையை எழுதுவேன். மடைப்பள்ளி இன்னார், பூக்கட்டுவது இன்னார், கோலம் இன்னார், விளக்கு இன்னார். கடைசி வரி 'மேல்மாடி'. விளக்கு வைத்த பிறகு மாடியறையில் சுவாமிக்குப் பால் கொண்டுபோய்க் கொடுத்து, பாதுகையைத் துடைத்து வைத்துவிட்டு வரவேண்டும். வயதானவர்கள் பெயரை அதற்கு எழுத வேண்டாம், படி ஏற அவர்களுக்குக் கஷ்டம் என்று சுவாமியே என்னிடம் சொன்னார். இரக்கம் என்று நினைத்தேன். மூன்று இளம் பெண்களின் பெயரை மாற்றி மாற்றி எழுதினேன். விசாலம், அலமு, செல்லம். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று சொல்வார்கள்.

என் மனைவி காமாட்சி அங்கே பூக்கட்டப் போவாள். ஒரு நாள் எனக்குச் சாதம் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"விசாலம் தன் பேரைப் பலகையிலேர்ந்து அழிச்சுடச் சொல்றா."

"எந்த வேலையிலேர்ந்து?"

"மேல்மாடியிலேர்ந்து. ஏன்னு என்னைக் கேக்காதேங்கோ. அவ சொன்னதை என் வாயால சொல்ல வராது. நீங்களே போய்க் கேளுங்கோ."

போய்க் கேட்டேன். மூன்று பேரையும் தனித்தனியாகக் கேட்டேன். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி, வாசித்துக் காட்டி, விசாலத்திடமும் அலமுவிடமும் கையெழுத்து வாங்கினேன். செல்லத்துக்கு எழுதத் தெரியாது. பெருவிரலை மையில் தோய்த்து ரேகை வைத்தாள். சுவாமி கதவை எப்படித் தாழிடுவார், வெளியே சொன்னால் எந்த ஊரில் எந்த அண்ணன் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவேன் என்று மிரட்டுவார், மறுநாள் காலை பஜனையில் தங்களைப் பார்த்து என்ன பாட்டுப் பாடுவார் என்பதெல்லாம் மூன்று காகிதத்திலும் இருந்தது. வக்கீலாபீசில் பத்து வருஷம் இருந்தவன் நான். சொல்லிக்கொடுத்த சாட்சிகள் எப்படிப் பொருந்தும், உண்மையான சாட்சிகள் எப்படிப் பொருந்தும் என்று எனக்குத் தெரியும். இவை உண்மையாகப் பொருந்தின. எனக்குச் சந்தேகம் இருந்தது என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்ள வழியே இல்லை.

காகிதங்களை எடுத்துக்கொண்டு மடத்துக் கமிட்டித் தலைவரிடம் போனேன். ரிடையரான ஜட்ஜ். நான் பையிலிருந்து எடுப்பதற்குள் கையை உயர்த்தினார்.

"எழுத்துல எதுவும் என்கிட்டக் கொண்டு வராதேயும் ஓய். நான் பார்த்துட்டேன்னா அப்புறம் நடவடிக்கை எடுத்தாகணும்."

வெளியில் தெரிந்தால் மடம் மூடிப்போகும், அத்தனை விதவைகளும் தெருவில் நிற்பார்கள், அந்தப் பாவம் உம்மைத்தான் சேரும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. கோழையாக இருப்பதற்கு ஒரு தர்மமான காரணம் கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது. காகிதங்களைப் பெட்டியின் அடியில் வைத்தேன். கிழிக்கவில்லை. குமாஸ்தாவுக்குக் காகிதத்தைக் கிழிக்கக் கை வராது.

4

நான் ஒன்றும் செய்யப்போவதில்லை என்று விசாலத்துக்குப் பத்து நாளில் தெரிந்துவிட்டது. அடுத்த ஏகாதசியன்று கூடம் நிறைந்திருந்தபோது அவள் மடைப்பள்ளியிலிருந்து வந்தாள். பலகையில் 'மேல்மாடி' என்ற வரியில் இருந்த தன் பெயரை ஈரத் துணியால் துடைத்தாள். சாக்குக்கட்டியை எடுத்து, அந்த இடத்தில் 'போகமாட்டேன்' என்று எழுதிவிட்டு உள்ளே போனாள். ஜால்ரா நின்றுவிட்டது.

இனி மூடி வைக்க முடியாது. மறுநாள் காலை கமிட்டி கூடியது. பொதுவில் ஒரு சத்தியம் நடந்து முடிந்தால்தான் ஊர் வாய் அடங்கும் என்று தீர்மானித்தார்கள். சாயங்காலம் எல்லோரையும் கூப்பிட்டார்கள். சுவாமி ஊஞ்சலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

விசாலத்தைக் கேட்டார்கள். அவள், "கற்பூரம் ஏத்துங்கோ. நான் அணைக்கறேன்" என்றாள்.

கமிட்டியில் இருந்த சாஸ்திரிகள் ஒருவர், தலைமழித்த விதவை சந்நிதியில் நின்று கற்பூரத் தட்டைத் தொட சாஸ்திரத்தில் இடமில்லை, அவள் செய்கிற சத்தியம் செல்லாது என்றார். எல்லோரும் ஆமோதித்தார்கள். அவள் கட்டிய பூவைத்தான் பகவான் படத்துக்குப் போட்டிருந்தது. அவள் அரைத்த சந்தனம்தான் தட்டில் இருந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

மடத்தின் சார்பில் யாராவது சத்தியம் செய்யட்டும் என்றார் தலைவர். என்னைப் பார்த்தார். காலையிலேயே பேசி வைத்ததுதான். என் கையில் சந்தனம் பூசியாகியிருந்தது. நான் முன்னால் போய், தீர விசாரித்தேன், இந்தப் பெண் மடத்தின்மேல் சொல்வது பொய், பகவான் சாட்சி என்று சொல்லிக் கற்பூரத்தை அணைத்தேன்.

அலமுவும் செல்லமும் மடைப்பள்ளி நிலைப்படியில் நின்றார்கள். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. எழுதி வாங்கிக்கொண்டவனே இப்படிச் சொல்லும்போது அவர்கள் என்ன சொல்வார்கள்.

விசாலம் அழவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, உங்க கையில சந்தனம் இன்னும் காயலை" என்றாள்.

அவளுடைய துணி மூட்டையை அப்போதே வாசலுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். அவளுக்கு இருபது வயது. எங்கே போனாள் என்று நான் விசாரிக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை, பலகையில் கடைசி வரிக்கு இரண்டு பெயர்களை மாற்றி மாற்றி எழுதினேன்.

5

பொய்ச் சத்தியம் செய்தால் கை அழுகும், குலம் அழியும் என்று சின்ன வயதில் சொல்லி வளர்த்தார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வருஷத்தில் பினாங்குக்கு அழைப்பு வந்தது. வழியனுப்பும்போது கமிட்டியார் சரிகைச் சால்வை போர்த்தினார்கள். இங்கே வந்து வீடு வாங்கினேன். தோட்டத்தில் ரம்புத்தான் மரம் இருக்கிறது. ஒன்றும் ஆகாததையே, நான் செய்தது அவ்வளவு பெரிய தப்பில்லை என்பதற்கு அத்தாட்சியாக ரொம்ப நாள் வைத்துக்கொண்டிருந்தேன்.

குழந்தைகளைப் பற்றிக் கேட்பீர்கள். பையன் சிங்கப்பூரில் இருக்கிறான். மாதம் ஒரு கடிதம், இங்கிலீஷில், 'டியர் ஃபாதர்' என்று. தமிழில் எழுதச் சொன்னதற்கு, கை மறந்துவிட்டது என்று அதையும் இங்கிலீஷில் எழுதினான். பெண் சாரதா கப்பல் கம்பெனியில் டைப் அடிக்கிறாள். ஆபீசிலிருந்து வந்ததும் "அப்பா, மக்கான் ஆச்சா?" என்பாள். சாப்பாடு ஆயிற்றா என்பதற்கு இங்கே பிள்ளைகள் பேசும் மொழி அது. முதலில் திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு அந்தக் கேள்விக்காகவே காத்திருக்கும்படி ஆகிவிட்டது.

எங்கள் வீட்டில் கற்பூரம் ஏற்றுவதில்லை. சத்தியம் செய்த அன்றிலிருந்தே காமாட்சி நிறுத்திவிட்டாள். எண்ணெய் விளக்கு மட்டும்தான். அடுத்த வீட்டம்மாள் கேட்டதற்குப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊருக்குப் போய் விசாலத்தைத் தேடப்போகிறேன், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்று நான் சொன்ன அன்றுதான் பேசினாள்.

"சாந்தோமில ரெஜினா டீச்சரைப் போய்க் கேளுங்கோ. அன்னிக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன்."

6

துறைமுகத்தில் இறங்கி, ஜட்கா வைத்துக்கொண்டு மயிலாப்பூர் வந்தேன். வண்டிக்காரர் பெயர் காதர். சமவயதுதான் இருக்கும். என் பெட்டியைத் தூக்கி வைக்கும்போதே பேச ஆரம்பித்தார்.

"இன்னா சாமி, எந்தச் சீமையிலேர்ந்து வர? பொட்டி மேல இம்மாம் சீட்டு ஒட்டிக்கினு கீது."

சொன்னேன். குளக்கரை தாண்டும்போது, அந்தத் தெருவில் ஒரு பஜனை மடம் இருந்ததே, இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"கீது, கீது. சோக்கா கீது. சாமியாரும் கல்லு மாறி கீறாரு. எங்க பேட்டையில பால் கறந்து ஊத்துற பொம்பளைங்க மட்டும் உள்ள போமாட்டாங்கோ. வாசல்லயே சொம்ப வெச்சுட்டு வந்துடுவாங்கோ."

ஏன் என்று கேட்டேன். அவர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னா சாமி, ஒண்ணும் தெரியாத மாறி கேக்குற? என் குதிரைக்கே தெரியும்."

ரெஜினா டீச்சர் என்னை உள்ளே கூப்பிடவில்லை. கன்யாஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் தையல் கற்றுக்கொடுத்து ஓய்ந்தவர். தலைமுறை தலைமுறையாகச் சாந்தோம் கோவில் பங்கைச் சேர்ந்த குடும்பம். "நீங்கதானே அந்தக் காரியதரிசி?" என்று மட்டும் கேட்டார். கதவைப் பாதி மூடிக்கொண்டு மாம்பலத்தில் ஒரு விலாசம் சொன்னார்.

ஏரியைத் தூர்த்து வீடு கட்டிக்கொண்டிருந்த பக்கம் அது. இப்போது தியாகராய நகர் என்கிறார்கள். தெருவுக்கு ஐந்தாறு வீடு. விசாலம் அங்கே பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் உபாத்தியாயினி. முப்பத்தாறு வயது, தலைமுடி வளர்த்து முடிந்திருந்தாள். முன்பக்கம் நரைத்திருந்தது. பல வருஷம் கழித்து மடத்தை விட்டு வந்த அலமுவும் அவளோடு இருந்தாள்.

செல்லம் எங்கே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. நான் கப்பலேறுவதற்கு ஒரு மாதம் முன்பே செல்லம் மடத்துக் கிணற்றில் இறந்துபோனாள். போலீசுக்குக் கால் தவறி விழுந்தாள் என்று எழுதிக்கொடுத்தவனே நான்தான். அதை நான் மறந்திருந்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அலமுவும் நம்பவில்லை.

"கால் தவறித்தான் போயிட்டா மாமா. நீங்கதானே எழுதினேள்" என்றாள்.

விசாலம் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினாள். பத்து வருஷத்து மனுக்கள், நகல்கள், பதில்கள். அறநிலையங்களைக் கவனிக்கும் சர்க்கார் போர்டுக்கு எழுதியிருந்தாள். இது கோவில் அல்ல, தனியார் மடம், எங்கள் அதிகாரத்தில் வராது என்று பதில். கலெக்டருக்கு எழுதியிருந்தாள்; போர்டுக்கு எழுதவும் என்று பதில். போலீஸ் கமிஷனருக்கு, காலம் கடந்துவிட்டது. புது மந்திரிசபை வந்த பிறகு மறுபடியும் போர்டுக்கு. சமகாலத்து எழுத்துச் சாட்சி ஏதாவது இருந்தால் சமர்ப்பிக்கவும். அதுதான் கடைசிக் கடிதம்.

நான் பையிலிருந்து மூன்று காகிதங்களை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் தன்னுடையதைப் பார்க்கவில்லை. செல்லத்தின் ரேகையைத்தான் பார்த்தாள். அதன்மேல் விரலை வைத்து எடுத்தாள்.

"இது உங்ககிட்டயே இருந்துதா? பதினாறு வருஷமா?"

இருந்தது என்றேன்.

"ஒவ்வொரு ஆபீஸா ஏறி எறங்கினோமே மாமா. எழுத்துல எதாவது இருக்கான்னுதானே அத்தனை பேரும் கேட்டா."

"பினாங்கில பத்திரமா இருந்துதாக்கும்" என்றாள் அலமு.

மன்னிப்புக் கேட்கலாம் என்று கப்பலில் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். பாதி சொல்வதற்குள் விசாலம் தடுத்துவிட்டாள். "அதை நீங்க யார்கிட்டயாவது வெச்சுக்கோங்கோ, எனக்கு வேண்டாம். அங்க இப்போ சின்ன வயசா நாலு பேர் இருக்கா. அவா பேரை யாரோ பலகையில எழுதிண்டிருக்கா. எந்தக் கூடத்துல சொன்னேளோ அந்தக் கூடத்துல நின்னு, அத்தனை பேரும் கேக்க, திருப்பிச் சொல்லுங்கோ. நாலு பேருக்கும் காதுல விழணும்."

7

கமிட்டியைப் பார்த்தேன். தலைவர் எண்பதை நெருங்கிவிட்டார். ஆளும் மூளையும் அப்படியேதான். எனக்குப் பின் வந்த காரியதரிசி இளவயது வக்கீல். வந்த காரியத்தைச் சொன்னேன். கூடத்தில் நின்று, கற்பூரம் அணைத்து, அன்று சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நாலைந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் மெதுவாகச் சிரித்தார்.

"சமுத்திரம் தாண்டிட்டு வந்திருக்கீர். பிராயச்சித்தம் ஆகலை. சந்நிதியில நின்னு கற்பூரத்தைத் தொட உமக்கு ஏது யோக்யதை? நீர் பண்ற சத்தியம் செல்லாது ஓய்."

விசாலத்துக்குச் சொன்ன அதே வார்த்தை. அன்று அதற்குத் தலையாட்டியவர்களில் நானும் ஒருவன்.

இளவயதுக் காரியதரிசி ஒரு வழி சொன்னார். முறைப்படி பிராயச்சித்தம் செய்துகொள்ளலாம். சுவாமிகளே நடத்தி வைப்பார். அவரை நமஸ்காரம் செய்து, சிஷ்யன் என்று எழுதிக்கொடுத்துவிட்டால், பிறகு சந்நிதியில் என்ன வேண்டுமானாலும் பேசலாம். ஒரு நாள் முழுவதும் அதை யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. விழுந்து எழுந்துவிட்டு உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று நினைத்தேன். விசாலத்திடம் சொன்னேன்.

"அவர் கால்ல விழுந்துட்டு எழுந்தப்பறம் என்ன உண்மை மாமா பாக்கி இருக்கும்?" என்றாள்.

அடுத்த ஏகாதசி சாயங்காலம் மடத்துக்கு வெளியே தெருவில் நின்றேன். தெருவுக்குக் கமிட்டி கிடையாது. விசாலமும் அலமுவும் எனக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். காதர் வண்டியைக் கொண்டுவந்து வாசலுக்கு எதிரே நிறுத்தினார்.

"ஏறி நில்லு சாமி. கீய நின்னா எவனுக்குக் கேக்கும்" என்றார்.

ஜட்காவின் படியில் ஏறி நின்று, மூன்று வாக்குமூலங்களையும் வாசித்தேன். தெருவில் வாசிக்க முடியாத வரிகளை விட்டுவிட்டேன்; விசாலம் அவற்றையும் வாசிக்கச் சொன்னாள்; வாசித்தேன். பிறகு நான் செய்ததைச் சொன்னேன். உள்ளே ஜால்ராவை ஓங்கித் தட்ட ஆரம்பித்தார்கள். நான் குரலை உயர்த்த உயர்த்த, நாமாவளியும் உயர்ந்தது. கப்பலில் கள்ளுக் குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். என்னிடம் இங்கிலீஷ் படித்த ஒருவர் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு போனார். தலைவர் வெளியே வந்து மோட்டாரில் ஏறினார். என்னைக் கடக்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

கீழே இறங்கி, தெருப் புழுதியில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினேன். உலர்ந்த கையால் அணைத்தேன். சுட்டது. இவ்வளவு சுடும் என்று எனக்குத் தெரியாது. நிமிர்ந்தபோது மாடி ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் மழித்த தலைகள் இரண்டு தெரிந்தன. ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது.

உள்ளங்கைக் கொப்புளம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. தோலில் ஒன்றும் மிச்சமில்லை.

8

அதற்குப் பிறகு நடந்தவை இவை. மானநஷ்டம் என்று எனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. வழக்குப் போடவில்லை, போட்டால் காகிதங்கள் கோர்ட்டுக்கு வரும். சுவாமி காசி யாத்திரை போனார். நாலு மாதம் கழித்துத் திரும்பியபோது பூரணகும்பத்தோடு வரவேற்றார்கள். வாசலில் இருந்த விதவை ஆதரவுப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். நாலு பெண்களில் ஒருத்தியை அண்ணன் வந்து கிராமத்துக்கு அழைத்துப்போனான். அவள் என்ன ஆனாள் என்று தெரியவில்லை. ருக்மிணி என்பவள் ஒரு விடியற்காலையில் கோலம் போட வெளியே வந்தவள், கோலப்பொடிக் கிண்ணத்தோடு நடந்தே மாம்பலம் போய் விசாலத்தின் கதவைத் தட்டினாள். மற்ற இருவரும் இன்னும் உள்ளே இருக்கிறார்கள்.

என் லீவு முடிந்து கப்பலேறிவிட்டேன். தெருவில் சொன்னது சாட்சியாகாது, மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியப் பிரமாணமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று போர்டு சொல்லிவிட்டது. நான் ஊரில் இருக்கும்போதே அதைச் சொல்லியிருக்கலாம். கடிதம் பினாங்குக்கு வந்துதான் தெரிந்தது.

நான் தமிழில் எழுதி, இங்கிலீஷாக்கி, சாரதாவிடம் டைப் அடிக்கக் கொடுத்தேன். வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். ஆனால் அவளுக்கும் விசாலத்துக்கு அன்றிருந்த அதே இருபது வயது. பக்கத்து அறையில் இயந்திரம் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்றாம் பக்கத்தில் நின்றது. எழுந்து வந்தாள்.

"அப்பா, இந்த செக்ரெட்டரி யாரு?"

"நான்தான்" என்றேன்.

திரும்பிப் போய் மிச்சத்தை அடித்து முடித்தாள். ஒரு பிழை இல்லை. அன்றிலிருந்து "மக்கான் ஆச்சா" என்று கேட்பதில்லை. தட்டில் போட்டு வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

கோர்ட்டில் அன்று எனக்குப் பதிலாக நின்ற இளைய மொழிபெயர்ப்பாளர்தான் எனக்குச் சத்தியம் சொல்லிக்கொடுத்தார். நான் கூண்டில் நின்று திருப்பிச் சொன்னேன். அதில் எத்தனை வார்த்தை இருக்கிறது என்று அன்றுதான் கவனித்தேன்.

பிரமாணத்தை அனுப்பி ஐந்து மாதமாகிறது. பெற்றுக்கொண்டோம், பரிசீலனையில் இருக்கிறது என்று போர்டு ஒரு வரி எழுதியது. மடத்தார் இது தனியார் சொத்து என்று ஆட்சேபம் கொடுத்திருக்கிறார்களாம். போன வாரக் கப்பலில் விசாலத்தின் கடிதம் வந்தது. ஒரு பக்கம். நலம் விசாரிக்கவில்லை. முக்கியமான பகுதியைக் கீழே தருகிறேன்.

"ருக்மிணி இத்தனை மாதம் பேசாமல் இருந்தாள். முந்தாநாள் தானாகவே காகிதமும் பேனாவும் கேட்டாள். இரண்டு நாள் எழுதினாள். அதை மனுவோடு சேர்த்துப் போர்டுக்குக் கொண்டுபோகிறோம். அவள் எழுதியது மேலே. அதற்கு அடியில் என்னுடையதும் அலமுவுடையதும் செல்லத்துடையதும். உங்கள் பிரமாணத்தை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்துத் தைத்திருக்கிறேன். முதலில் நாங்கள் சொல்வதைப் படிக்கட்டும். அப்போதும் நம்பாவிட்டால் உங்களுடையதைப் பார்த்துக்கொள்ளட்டும்."

காமாட்சியிடம் வாசித்துக் காட்டினேன். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, இன்னொரு முறை தானே வாசித்தாள். சரியாகத்தான் தைத்திருக்கிறாள் என்றாள்.